அக்கா வேலை பார்த்த காடு

தியான மையத்தில் மைக், ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் அக்காவின் பொறுப்பு. பயிற்சியாளர், “இப்போது காட்டுக்குள் நுழைகிறோம்” என்றதும் பொத்தானை அழுத்துவாள். மண்டபத்தில் ஓடை சலசலக்கும், குருவி கூவும். “மண்டபம் நெறைய ஆளுங்களக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு கொசு கடிக்காம திருப்பிக் கொண்டாந்துட்டேன்” என்று வீட்டில் சிரிப்பாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை நான் வாங்கியது அந்தக் காட்டின் சம்பளத்தில்தான்.

ஒரு மழை நாள் மாலை, வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பின்பக்கக் கால்வாயில் தவளைகள் கத்தத் தொடங்கின. பயிற்சியாளர் கண்ணால் சாடை காட்டினார். அக்கா ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓடையின் சத்தத்தைக் கூட்டினாள். அந்த மாதம்தான் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும், தூக்கம் வராமல் அவதிப்பட்டு அங்கே சேர்ந்திருந்த ஒரு அம்மாள் வந்தார்.

“முதல்ல தவளை கத்துச்சே, அது எந்த ஸ்பீக்கர்மா? நெஞ்சுக்குள்ளயே கத்துன மாதிரி இருந்துச்சு.”

பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார்.

“புது ஸ்பீக்கருங்கம்மா. சோதிச்சுப் பாத்தோம்” என்றாள் அக்கா.

“அதையே போடுங்க. அடுத்த வகுப்புலயும் சேந்துக்கறேன்.”

அவர் போனதும் பயிற்சியாளர், “அந்தத் தவளைய நாளைக்கே பதிவு பண்ணிடு” என்றார்.

மறுநாள் பொழுது சாய்கையில் அக்கா பதிவுக் கருவியோடு கால்வாய் ஓரம் உட்கார்ந்தாள். காலடிச் சத்தத்தில் எல்லாம் வாயடைத்துவிட்டன. அசையாமல் இருந்தாள். ஒன்று தொண்டையைச் செருமிப் பார்த்தது. எதிர்க்கரையில் இன்னொன்று. பிறகு நாலா பக்கமும். அவள் செருப்பருகே, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத தவளை ஒன்று தன் தொண்டையை ஒரு குமிழாக ஊதிக்கொண்டிருந்தது. கருவியின் பொத்தானை அழுத்த மறந்துபோனாள்.

“அழுகையே வந்துடுச்சுடா” என்றாள் வீட்டில். “இத்தன நாளும் இதுக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கேன். அந்தம்மா கேட்டப்ப எனக்கு வாய் கூசல பாரு.”

“சின்னப் பொய்தானக்கா.”

“தூக்கமில்லாம வந்த மனுஷிடா அவங்க. ஜன்னல மூடாம இருந்திருந்தாலே போதும்.”

படித்தவன் என்று அவளுக்கு ஆறுதல் சொல்லப் போன எனக்கு, சொன்ன வார்த்தையே உறுத்தியது.

அடுத்த வகுப்பன்று அக்கா அந்த அம்மாளிடம் போனாள். பயிற்சியாளர் காதிலும் விழும்படியே சொன்னாள்: “அது ஸ்பீக்கர் இல்லங்கம்மா. நெஜத் தவளை. நான்தான் ஜன்னலச் சாத்துனேன்.”

அந்த அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

அக்கா கால்வாய்ப் பக்கம் கை காட்டினாள். அந்த அம்மாள் நடந்தார். கூடப் போக அவளுக்குக் கால் வரவில்லை.