சிலாஸின் சீட் குழாய்

4-1-1974 ஸ்பிரிங் சீட், ரூ. 18.50
2-3-1974 பழைய இரும்பு ஃப்ரேம், இருபது அங்குலம், ரூ. 55.00
9-3-1974 அலுமினியக் குழாய், ரூ. 6.25

மூன்றும் சிலாஸின் முதுகுக்காக வாங்கியவை. ராமச்சந்திராபுரத்தில், எங்கள் தொழிற்சாலைக்கு வரும் தண்ணீர்க் குழாய் நெடுகத் தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்துவருவது அவர் வேலை. ஐந்து மைல், பாறையும் சரளையும். சைக்கிள் மிதிக்க முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸும் இல்லை.

நான் ஸ்டோர் கீப்பர். ஒரு நோட்டுப் போட்டேன்: தேதி, சீட்டைத் தாங்கும் குழாய் ஃப்ரேமுக்கு வெளியே எத்தனை அங்குலம், வலி பத்துக்கு எத்தனை.

“என்னவே சாமி, முதுகுக்கும் ஸ்டாக் எடுக்கீரு?” என்றார் சிலாஸ்.

“நம்பரைச் சொல்லுங்காணும்.”

“எட்டு. உமக்காக ஏழரை.”

ஸ்பிரிங் சீட்டில் ஏழு. அவருடைய பழைய பெரிய ஃப்ரேமில் சீட் குழாய் கொஞ்சம்தான் வெளியே நிற்கும். குலுக்கல் நேரே முதுகுக்கு ஏறும். சின்ன ஃப்ரேம் என்றால் குழாய் நீண்டு நிற்கும், வளைந்து கொடுக்கும். அலுமினியம் இன்னும் கொடுக்கும் என்றேன். “ஃப்ரேம் இரும்பே இருக்கட்டும், குழாயை மாத்தும்” என்றார்.

வெளியே ஐந்து அங்குலம்: வலி ஐந்து. ஏழு: நான்கு. எட்டு: இரண்டு.

“இன்னைக்கு அவாளே குனிஞ்சு ஷூ மாட்டுனாவ, அண்ணாச்சி!” என்றாள் அவர் மனைவி கனகமணி.

மூன்று நாள் அப்படி ஓடியது. நான்காம் நாள், 28-3-1974, பாறைச் சரிவில் சீட் குழாய் ஃப்ரேமைவிட்டுப் பிடுங்கிக்கொண்டது. குழாயின் மொத்த நீளம் ஒன்பதேகால் அங்குலம். உள்ளே ஒன்றேகால்தான் இருந்திருக்கிறது. ‘வெளியே’ என்று பதினாறு தடவை எழுதியவன், ‘உள்ளே’ என்று ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

முதுகெலும்பு முறிந்தது. வேலை போயிற்று. ஜூனில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார்கள். ரயிலில் படுத்தபடி என்னைப் பார்த்தார்.

“மூஞ்சிய இப்படி வச்சுக்கிடாதேயும் சாமி. நக்கோ.” அந்த ஊர் உருதுவில் ‘வேண்டாம்’.

ஒவ்வொரு கடிதத்திலும் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் எழுதியதே இல்லை. நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஓர் எண் மட்டும் போடுவார். ஒன்பது. ஒன்பது. பத்து.

பிறகு கனகமணி எழுதினாள். அடக்கம் முடிந்துவிட்டதாம். சாவதற்கு முன் அவர் எனக்காகச் சொல்லிவைத்ததை அப்படியே கீழே எழுதியிருந்தாள்: “அந்த நோட்டைக் கிழிச்சிராதேயும் சாமி. ரெண்டு வந்த மூணு நாளும் அதுலதான் இருக்கு.”

கடிதம் வந்து சேர்ந்த தேதி 17-11-1976.