வாளித் தண்ணீர் பத்திரம்

அரியலூரில் என் அக்கா வீட்டுக்காரர் கொல்லையில் குழி வெட்டி, சுற்றிலும் கல் அடுக்கி, அதற்கு 'ஃபயர் பிட்' என்று பேர் வைத்தார். மார்கழியிலும் ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத ஊரில் குளிர்காய்வதற்கு! ஊரே புகை வேண்டாமென்று கேஸ் அடுப்புக்குப் போன பிறகு, இவர் வேலை மெனக்கெட்டுப் புகைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"வீடியோல சொன்னபடி பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன் மாப்ள" என்று என்னிடம் பெருமை வேறு. வைக்கோல் போர் தள்ளித்தான் இருந்தது. காற்று பார்த்துத்தான் கொளுத்தினார். அணைப்பதற்குப் பக்கத்திலேயே வாளித் தண்ணீர். குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

பொங்கல் லீவு முழுக்க தினமும் சாயங்காலம் முந்திரிக் கட்டை எரிந்தது. அதுவரை நெருப்பைத் தானாக அணைய விட்ட மாமா, கடைசி நாள் வாளியை அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது, கல் கொதிக்க ஆரம்பித்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பி, வெள்ளைக் குழம்பு அவர் காலில் தெறித்தது. அவர் அலறினார். அக்கா அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவிவிட்டாள்.

அப்போதுதான் கல்லை உற்றுப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல். சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாமா இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குவதே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில்தான்.

"குளிர்காயறேன்னு சுண்ணாம்புக் காளவாயில்ல போட்டு வச்சிருக்கீங்க!" என்றாள் அக்கா.

மாமா காலை ஊதிக்கொண்டே சொன்னார்: "வீடியோல அதச் சொல்லலையே."