அண்ணாச்சியின் தனி ரூம்

ஆனந்தவள்ளி ஒரு விசில் ஊதினால் சோப்புக்குத் தடையுள்ள குற்றால அருவியில் குளிக்கிறவன் கையிலிருக்கும் சோப்பை ஒளித்துக்கொள்வான். தென்காசியில் போலீஸ்காரி, எனக்குப் பக்கத்து வீடு. அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் மகளின் போனைப் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

மகள் அபிக்குப் பதினோரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. கையால் பேசுவாள், எழுதுவாள். பிள்ளைகள் போனில் டீம் சேர்ந்து ஆடும் விளையாட்டில் அவளும் சேர்ந்து பார்த்தாள். மைக்கில் கூப்பிட்டால் பதில் வரவில்லை என்று ஒவ்வொரு டீமும் அவளை வெளியே தள்ளியது. அந்தப் பிள்ளைகள் முதுகில் நாலு வைக்கலாம் போலிருக்கும் எனக்கு. கொஞ்ச நாளாகத்தான் அபி முகம் தெளிந்திருந்தது. காரணம் அன்றைக்குத்தான் அம்மாக்காரிக்குக் கிடைத்தது.

"அபி, தனி ரூமுக்கு வா. பாஸ்வேர்டு யார்ட்டயும் சொல்லாத." அனுப்பியவர் பெயர், அண்ணாச்சி.

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மீசை வைத்த பெரிய ஆள்தான். ஆனந்தவள்ளி போனைத் தூக்கிக்கொண்டு, "எக்கா, எவனோ எம்பிள்ளைய ரூமுக்குக் கூப்பிடுதான்" என்று என்னிடம் ஓடி வந்தாள். போனை உடைக்க ஓங்கியவள் கையை நான்தான் பிடித்தேன்.

"ஏட்டி, உடைச்சா அவன் தப்பிச்சிருவான். யாருன்னு கேளு முதல்ல."

பின்னாலேயே வந்த அபி அழுதுகொண்டு நிற்க, ஆனந்தவள்ளி எழுதினாள்: "நான் அபி அம்மா. தென்காசி போலீஸ். நீ யாருலே?"

உடனே பதில்: "அத்தை, லே போடாதிய. நான் பொம்பளப்பிள்ள."

எழுத்தை நம்பினால் அவள் என்ன போலீஸ்? அந்தப் பிள்ளையின் அம்மா போன் நம்பரை வாங்கி வீடியோவில் கூப்பிட்டாள். ஆலங்குளத்தில் ஒரு பலசரக்குக்கடை. கல்லாவில் இரட்டைச் சடையோடு ஒரு வாண்டு, பக்கத்தில் அவள் அம்மா. பெயர் இசக்கிமணி, ஏழாம் வகுப்பு. போன் அப்பா பேச்சிமுத்துவுடையது. ஊரே அவரை அண்ணாச்சி என்பதால் போனிலும் அதே பெயர்.

"எதுக்குட்டி தனி ரூமு?"

"வெளிய எல்லாரும் அபியத் தள்ளிவிடுதாங்க அத்தை. தெரியாதவங்க வந்து அசிங்கமா எழுதுதாங்க. அதான் நாங்க நாலு பிள்ளையளும் விளையாட்டுக்குள்ளயே பாஸ்வேர்டு பூட்டு போட்ட ரூமா வச்சிக்கிட்டோம். உள்ள மைக்கு கிடையாது. எல்லாரும் எழுதத்தான் செய்யணும்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி" என்றாள் இசக்கிமணியின் அம்மா.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனாலும் அரண்டது தப்பில்லை என்பேன் நான். காலம் அப்படிக் கிடக்கிறது. ஆனந்தவள்ளி தரையிலேயே உட்கார்ந்து சிரிப்பும் அழுகையுமாக முகத்தைத் துடைத்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"ஏ பிள்ள, நானும் அந்த ரூமுக்குள்ள வந்து பாக்கட்டுமா?"

"என்ட்டக் கேக்காதிய அத்தை. யாரைச் சேக்கணும்னு அபிதான் சொல்லணும். அதுதான் எங்க சட்டம்."

ஆனந்தவள்ளி மகளிடம் கையால் கேட்டாள். எத்தனையோ டீம் தள்ளிவிட்ட பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காக்கிச்சட்டைக்காரியை மேலும் கீழும் பார்த்தது. பிறகு எழுதிக் காட்டியது:

"யோசிச்சுச் சொல்லுதேன்."