நாலாம் பக்கம் இல்லாத வினாத்தாள்

இது நடந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய தனியார் கல்லூரி அது. கணக்கியலிலும் கம்ப்யூட்டரிலும் டிப்ளோமா கொடுப்பார்கள். நான் அங்கே கந்தோரில், அதாவது அலுவலகத்தில், டைப் அடிப்பது, பிரதி எடுக்கும் ரோனியோ மெஷின் சுற்றுவது, கடிதங்களுக்கு முத்திரை குத்துவது என்று எல்லா வேலையும் செய்தேன். நான் படித்தது சாதாரண தரப் பள்ளிப் பரீட்சை வரைதான். இருந்தாலும் பிள்ளைகள் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்குக் கூச்சமாக இருக்கும். பொதுவாகவே ஆட்களோடு கதைக்கத் தயங்குகிற சுபாவம் எனக்கு. மெஷினோடு இருக்கச் சொன்னால் நாள் முழுக்க இருப்பேன்.

கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். போர்க்காலம், வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். கந்தோருக்கு வந்து சேரும்போதே ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கும். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம் இல்லை, களைப்புத்தான்.

டிப்ளோமாவில் சேர வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பரீட்சை வைப்போம். ஆங்கிலம், கணக்கு, வாசித்து விளங்குதல், எல்லாம் சேர்த்து ஆறு பக்கம். நூற்றுக்கு ஐம்பது புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் நேரே டிப்ளோமாவுக்குப் போகலாம். குறைய எடுத்தவர்கள் நாலு மாதம் மேலதிக வகுப்பில் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். நல்ல எண்ணத்தில் தொடங்கிய வகுப்பு அது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பாதிப் படிப்பைக் கொட்டில்களில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களை நேரே டிப்ளோமாவில் விட்டால் தத்தளிப்பார்கள் என்று அதிபர் சேர் நினைத்தார். ஆனால் டிப்ளோமா பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வைத்த பெயர் "நர்சரி". மாடிப்படியில் கண்டால், "என்ன, நர்சரிக்கு இன்னும் பெல் அடிக்கேல்லையோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

சிரிப்புக்கு மேலே ஒரு விஷயமும் இருந்தது. இன்னார் எங்கள் கல்லூரி மாணவர் என்று முத்திரை குத்திய கடிதம் ஒன்று கொடுப்போம். அதை அடிப்பதும் நான்தான். சோதனைச் சாவடியிலும் லொட்ஜ்களில் சுற்றிவளைப்பு நடக்கும்போதும், வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் மட்டும் போதாது. கொழும்பில் என்ன செய்கிறாய் என்ற கேள்விக்கு அந்தக் கடிதம்தான் பதில். டிப்ளோமாவில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுப்பது என்பது கல்லூரியின் விதி. மேலதிக வகுப்பில் இருப்பவர்கள் இன்னும் மாணவராகக் கணக்கில்லை.

அந்த வருடப் பரீட்சைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம். ஆறு பக்கங்களையும் அடித்து முடித்து, நீள மேசையில் ஆறு கட்டாக வரிசையாக வைத்திருந்தேன். மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கட்டிலும் ஒன்று எடுத்து, சேர்த்து, ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். நூற்றுப்பத்துப் பேருக்கு எண்பதுக்குச் சற்று மேல் சேர்த்திருப்பேன். அப்போது பொலிஸார் சோதனைக்கு வந்துவிட்டார்கள். எல்லோரையும் கீழே இறக்கி, வாசலில் வரிசையில் நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பிறகு அறை அறையாகப் பார்க்கும்போது, என்னை மேலே வரச் சொன்னார்கள்.

இளம் பொலிஸ்காரர் ஒருவர் மேசையிலிருந்து ஒரு கட்டைக் கையில் எடுத்து, "மொனவாத மே?", என்ன இதெல்லாம் என்று கேட்டார். பரீட்சைப் பேப்பர் என்று சிங்களத்தில் சொன்னேன். அதிலிருந்த கணக்குகளைப் பார்த்துச் சிரித்தார். தன்னாலும் இதெல்லாம் முடியாது என்றார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்தபடியே கையிலிருந்த கட்டைச் சுவர்த் தட்டில், கழிவுத் தாள்கள் வைக்கும் இடத்தில், வைத்துவிட்டுப் போனார். அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அது மனதில் ஏறவில்லை.

அவர்கள் போன பிறகு மிச்சத்தைச் சேர்த்தேன். கை எடுத்தது, கால் நடந்தது. மனம் மட்டும் இன்னும் கீழே வரிசையில் நின்றது. சேர்த்து முடிந்ததும் முன்பு சேர்த்தவற்றின் மேல் வைத்தேன். கடைசி பஸ் நெரிசலுக்கு முன் போய்விட வேண்டும் என்பதுதான் அப்போதிருந்த ஒரே நினைப்பு.

மறுநாள் மூன்று அறைகளில் பரீட்சை நடந்தது. மேல்மாடிப் பின் அறை, பிந்தி விண்ணப்பித்தவர்களுக்கு. வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் கிடைக்கக் காத்திருந்து, அண்மையில்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள் அதில் அதிகம். இருபத்தெட்டுப் பேர். மேலே இருந்த கட்டை எடுத்து அந்த அறைக்குக் கொடுத்தேன்.

விடைகளைத் தனித்தாளில் எழுத வேண்டும். வினாத்தாளைத் திரும்ப வாங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி வைப்போம். அதனால் திருத்தியவர்களின் கைக்குப் போனது விடைத்தாள் மட்டும்தான். பின் அறையில் ஒருவர்கூடக் கணக்குப் பகுதியைத் தொடவில்லை. கணக்குப் படிப்பிக்கும் சேர் இருபத்தெட்டு பூச்சியம் போட்டுவிட்டு, ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "பாவங்கள். அங்க பள்ளிக்கூடம் நடந்தால்தானே!" எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். காரணம் தயாராகக் கையில் இருந்ததால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. இருபத்தெட்டுப் பேரும் நர்சரிக்குப் போனார்கள்.

அதில் ஒரு பிள்ளை. இருபது வயது இருக்கும். வன்னிப் பக்கம். தாயோடு அருகிலிருந்த லொட்ஜில் இருந்தாள். கிழமைக்கு ஒரு தடவை கந்தோர் வாசலில் வந்து நிற்பாள்.

"மிஸ், அந்தக் கடிதம் எங்களுக்கும் தருவீங்களோ?"

"டிப்ளோமாவுக்குப் போனதும்தான் தங்கச்சி."

"சரி மிஸ்."

அவ்வளவுதான். கெஞ்சவும் மாட்டாள், முகத்தைச் சுளிக்கவும் மாட்டாள். அடுத்த கிழமை அதே நேரம் திரும்ப வருவாள். எனக்கு அது ஒரு தொல்லையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் கிழமை கணக்குச் சேர் பெருமையாக வந்தார். "என்ர நர்சரியைப் பாருங்கோ. ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், டக்டக்கெண்டு செய்யுதுகள். நான் படிப்பிக்கிற விசேஷம்!" நாங்கள் சிரித்தோம்.

ஐந்தாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை, பயிற்சித் தாள் அடிப்பதற்காகத் தட்டிலிருந்த கழிவுத் தாளை எடுத்து மெஷினில் வைத்தேன். ஒருபக்கம் அடித்த தாளின் மறுபக்கத்தைத்தான் பயிற்சிகளுக்குப் பாவிப்போம். சுற்றி எடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். பக்கம் 4. கணக்குப் பகுதி. பதின்மூன்றாம் கேள்வியிலிருந்து இருபத்திரண்டு வரை. முப்பது புள்ளி.

சாக்கை அவிழ்த்துப் பின் அறை வினாத்தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு ஐந்தாம் பக்கம். ஒன்றில் மட்டும் மூலையில் யாரோ பென்சிலால் "4?" என்று சின்னதாக எழுதி, பிறகு அழித்திருந்தார்கள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சாக்கைத் திரும்பக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். வீட்டில் அண்ணனின் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "வாயைத் திறக்காதீங்க மச்சாள். இந்த வயசுல உங்களுக்கு வேற வேலை யாரு தருவா? நாலு மாசம் கூடப் படிச்சா அதுகளுக்கு என்ன நட்டம்?" என்றாள். அது எனக்கு வசதியாக இருந்தது. செவ்வாய் போனது. புதன் போனது. வியாழன் அந்தப் பிள்ளை வழக்கம்போல வந்து வாசலில் நின்றாள். நான் டைப்ரைட்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "டிப்ளோமாவுக்குப் போனதும்தான்" என்றேன். "சரி மிஸ்" என்றாள்.

வெள்ளி காலை நான் வரும்போது அவளுடைய தாய் கந்தோர் வாசலில் நின்றார். விடியற்காலையில் லொட்ஜைச் சுற்றி வளைத்து, ஏழு பேரைக் கொண்டு போய்விட்டார்களாம். மகளும் அதில். "படிக்கிறன் எண்டு சொன்னவளாம். கடிதம் எங்கையெண்டு கேட்டவையாம். பிள்ளையிட்டை ஒண்டும் இல்லை" என்றார். அவர் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு இல்லாத முகமாக இருந்தது அது.

எப்படி அதிபரின் அறைக்குள் போனேன் என்று தெரியாது. சாதாரணமாக அந்தக் கதவைத் தட்டவே நான் பத்து நிமிடம் யோசிக்க வேண்டும். நாலாம் பக்கத்தை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எத்தனை பேர்?"

"இருபத்தெட்டு, சேர்."

"நீர் இதை எப்ப கண்டனீர்?"

"திங்கக்கிழமை."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, சேர்."

அவர் ஏசவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "கடிதத்தை அடியும். முதல்ல அந்தப் பிள்ளையின்ர. பிறகு மற்ற எல்லாருக்கும்" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு கடிதத்தை அடிக்க அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. மூன்று தடவை பிழை விட்டேன். சேர் அதை எடுத்துக்கொண்டு தாயையும் ஏற்றி ஓட்டோவில் போனார். பின்னேரம் நாலு மணியளவில் பிள்ளையை விட்டுவிட்டார்கள். கடிதத்தால்தான் விட்டார்களா, இல்லை எப்படியும் விட்டிருப்பார்களா என்று சேருக்கும் தெரியவில்லை. அன்று காலை கொண்டுபோன மற்றவர்களில் இரண்டு பேர் அதற்கு அடுத்த கிழமைதான் வந்தார்கள்.

திங்கட்கிழமை சேர் என்னைக் கூப்பிட்டு, "வகுப்பில நீரே போய்ச் சொல்லும்" என்றார். வேலையிலிருந்து நிற்பாட்டியிருந்தாலும் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மேலதிக வகுப்பு நடக்கும், தகரக் கூரை போட்ட மேல்மாடி அறையில் போய் நின்றேன். எல்லோரும் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"உங்கட பேப்பர்ல ஒரு பக்கம் இருக்கல்ல. கணக்குப் பக்கம். அது நான் விட்ட பிழை. உங்கட பிழை இல்ல. எனக்கு அது போன கிழமையே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

பின் வாங்கில் இருந்த பெடியன் ஒருவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப நாங்கள் மொக்குகள் இல்லையோ மிஸ்?" எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்றே நாலாம் பக்கத்தை மட்டும் கொடுத்து அரை மணி நேரம் எழுத வைத்தார்கள். அதற்குள் நாலு பேர் கல்லூரியை விட்டே போயிருந்தார்கள். மிச்சம் இருபத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் டிப்ளோமாவுக்குப் போகத் தகுதி பெற்றார்கள். கணக்குச் சேர் தாள்களைத் திருத்திவிட்டு, அன்று ஓய்வறைக்கு வராமலே போனார். அந்தப் பிள்ளைக்கு முப்பதுக்கு இருபத்தொன்பது. அவள் டிப்ளோமாவுக்குப் போனாலும், காலையில் அந்த மேலதிக வகுப்பின் ஆங்கிலப் பாடத்துக்கும் வந்து இருக்கலாமா என்று கேட்டாள். அந்தக் கட்டடத்திலேயே உருப்படியாக நடந்த பாடம் அதுதான் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்.

அன்று எழுதி முடித்துத் தாளைத் தந்தபோதே அவளிடம் கேட்டிருந்தேன். மூன்றுக்குப் பிறகு ஐந்து வருகிறதே, உங்களில் ஒருவருமா கவனிக்கவில்லை என்று.

"கண்டனாங்கள் மிஸ். எல்லாரும் கண்டவை."

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?"

"கொழும்பில என்ன கேட்டாலும், நீ எங்கயிருந்து வந்தனீ எண்டுதானே முதல்ல கேக்கினம். அதுதான் பேசாம இருந்தம். எங்களுக்கு இவ்வளவுதான் தாறவையாக்கும் எண்டு நினைச்சம்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. பஸ் பிந்தி வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

போய்விட்ட அந்த நாலு பேருக்கும் அடித்த கடிதங்கள் நெடுநாள் என் மேசை லாச்சியில் கிடந்தன. ஒருவர் திரும்ப ஊருக்குப் போனதாகக் கேள்வி, ஒருவர் வெளிநாடு. மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் போனதற்கு அந்தப் பரீட்சைதான் காரணமா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன்.

வேலை போகவில்லை. அதன் பிறகும் பல வருடங்கள் அங்கேயே இருந்தேன். என் கூச்சமும் போகவில்லை, ஆட்களைக் கண்டால் இன்றைக்கும் ஒதுங்கித்தான் நடப்பேன். ஆனால் என் முன்னால் யாராவது ஒன்றும் கேட்காமல் "சரி" என்று சொல்லித் திரும்பினால், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ ஒரு குறையும் இல்லை என்றோ என்னால் இப்போது நினைக்க முடிவதில்லை. எழுந்து போய் நானே கேட்டுவிட்டு வந்தால்தான் கை அடுத்த வேலைக்குப் போகிறது.