சேலைக்கு அடியில் வந்த பத்திரம்

மாமா கொண்டுவந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அரக்கு நிறப் பட்டுச் சேலை. சேலைக்கு அடியில் விடுதலைப் பத்திரம். சட்டைப்பையில் மைப்பெட்டி. மற்றதை மறந்தாலும் அந்த மைப்பெட்டியை நான் மறக்க மாட்டேன்.

அவர் அம்மாவின் ஒரே அண்ணன். தாத்தாவைப் போலவே பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, பென்ஷனோடு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். பிள்ளைச்சாவடியில் எங்கள் வாடகை வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. தாத்தா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தாத்தாவின் முத்தியால்பேட்டை வீட்டை விற்பதற்கு அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வைக்க வேண்டும்.

"பொறந்த வீட்டுச் சீரும்மா. வாங்கிக்க. அப்படியே இதுல ஒரு கைய வச்சுடு. நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல வந்து நின்னா போதும்."

அம்மா சேலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அண்ணன் சீர் கொண்டுவந்துவிட்டார் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. சீர்த்தட்டை வாங்கிக்கொண்ட தங்கை அதோடு கேட்பதை மறுத்தால் பிறந்த வீடே இல்லை என்றாகிவிடும். அது தெரிந்துதான் மாமா தட்டோடு வந்திருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பத்திரத்தை எடுத்துப் படித்தேன். 'எனக்கும் என் வாரிசுகளுக்கும் இச்சொத்தில் இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்று இருந்தது. வாரிசு என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. வரலாற்றுப் பாடத்தில் ராஜாவின் பிள்ளைக்குத்தான் அந்தச் சொல் வரும். எனக்கு முதல் தடவையாக வந்தபோது, ஒன்றும் கிடையாது என்று சொல்வதற்காக வந்தது.

"இன்னாடா, பரீட்சைக்கா படிக்கிற?"

"படிச்சுட்டுத்தானே கை வைக்கணும் மாமா."

"பொம்பளப் புள்ளைக்கு ஏதுடா பங்கு? நம்ம வழக்கத்துல உண்டா?"

"பென்ஷனுக்கு பிரான்சு சட்டம், பங்குக்கு மட்டும் நம்ம வழக்கமா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமா சிரித்தார். "கைநாட்டுக்குப் பொறந்தது கோர்ட்டு பேசுது பாரு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று பத்திரத்தை நான் வைத்துக்கொண்டேன். ஆனால் நான் யோசித்தது வேறு.

பெரியவர்கள் இன்னும் 'மேரி' என்றே சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் தாத்தாவின் இறப்புச் சான்று வாங்கினேன். தாலுகா ஆபீசுக்கு இரண்டு மாதம் நடந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினேன். மகன் ஒருவர், மகள் ஒருவர் என்று இரண்டு பெயர்கள், அரசு முத்திரையோடு.

அம்மாவின் கைநாட்டு இல்லாமலே மாமா வீட்டை விற்கப் பார்ப்பதையும், வாங்குபவர் வரும் நாளையும் அந்த வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக்கடைக்காரர் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து சேலையை எடுத்தேன். தீபாவளிக்குக் கட்டலாம் என்று அவள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. அதே தாம்பாளம், புது வெற்றிலை, சேலைக்கு அடியில் சான்றிதழ்.

"அம்மா தட்டத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க மாமா" என்று முத்தியால்பேட்டை வீட்டில் வாங்குபவர் முன்னால் வைத்துச் சேலையை நகர்த்தினேன். அவர் குனிந்து படித்தார்.

"ஒரே புள்ளன்னு சொன்னீங்களே சார்?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா சான்றிதழை எடுத்து அந்த இரண்டு பெயர்களையும் படித்தார். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"உங்க அம்மாவுக்கு இனிமே அண்ணன் இல்லடா."

"எழுதிக் குடுங்க மாமா. மைப்பெட்டிதான் வச்சிருக்கீங்களே."

அன்று சாயந்திரம் அம்மா பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள். "சேலையக் காணோமேடா?" நடந்ததை எல்லாம் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒரே புள்ளன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவரு வாயாலயா?"

"அந்த ஆளு கேட்டாரு. மாமா இல்லன்னு சொல்லல."

அம்மா கலைந்த துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு மூடியைச் சாத்தினாள்.

"அந்த வீடு பூட்டியே கெடக்கட்டும்."

இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மாமா ஊருக்கு வந்தால் லாட்ஜில் தங்குகிறார். மாடிச் சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்து, கூரை ஓட்டைத் தூக்கிக்கொண்டு வளர்கிறது. எனக்கு அந்தத் தெரு சுற்றுவழி. இருந்தாலும் தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறேன். கன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வேன்.