லிஃப்ட் மாமா கேட்ட "வரட்டுமா"

எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அக்கா வரை எல்லோருக்கும் அவர் லிஃப்ட் மாமாதான்.

கதவோரம் ஒரு முக்காலி, தலைக்கு மேல் கரகரக்கும் மின்விசிறி. ஏறுகிறவர்கள் எல்லோரும் அவரிடம் பேசுவார்கள். "டாக்டர் என்ன சொல்றார்னா..." என்று ஒருவர் ஆரம்பிப்பார், மூன்றாம் மாடி வந்துவிடும். டாக்டர் என்னதான் சொன்னார் என்பது மாமாவுக்குத் தெரியாமலே போய்விடும். நாள் முழுக்க ஊரே அவரோடு பேசியது. ஒரு பேச்சும் முடிந்ததில்லை.

"மேலயும் கீழயும் நான் போன தூரத்தைப் படுக்கப் போட்டா உலகத்தையே சுத்தியிருக்கலாம் தம்பி. ஆனா குறுக்கால, பக்கத்து ஊரைத் தாண்டினதில்ல" என்பார்.

நான் அங்கே கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையெழுத்துக்குப் பெருவிரல் நீட்டியவர்களின் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. முதல் காரும் என்னுடையதுதான், பழைய வண்டி என்றாலும். அதை வாசலில் நிறுத்திய அன்று வேலையே இல்லாமல் லிஃப்டில் ஏறினேன், யாராவது விசாரிக்கட்டும் என்று. மாமா விசாரித்தார்.

"தம்பி, உங்க வண்டி கடல் வரைக்கும் போகுமா?"

"கடலுக்குள்ளயே போகும் மாமா. திரும்பி வர்றதுதான் சந்தேகம்."

சிரித்தார். கதவு திறந்தது, ஸ்ட்ரெச்சர் ஏறியது, நான் இறங்க வேண்டியதாயிற்று. மீதியை அடுத்த நடையில் கேட்டேன். அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிக் கடற்கரை நகரத்தில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஏரிதான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க லிஃப்டுக்குள்தான் திட்டம் போட்டோம். முதல் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் எந்த ரோடு என்று முடிவானது. எங்கே டீ குடிப்பது என்பதற்கு இரண்டு நடை ஆனது. விடியும்போது கிளம்பி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மகள் வீட்டில் இருக்கலாம் என்று நான் போனில் வரைபடத்தைக் காட்டினேன்.

"இந்த நீலமெல்லாம் தண்ணியா?"

"ஆமா மாமா."

"நம்ம ஊருக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கலாம்."

கூடவே நின்றிருந்த தலைமை நர்ஸ் அக்கா சும்மா இருப்பாரா? "மாமா, அங்க போய் பட்டன் எங்கன்னு தேடாதீங்க. கடல் அதுவா வரும், அதுவா போகும்."

"அப்ப அங்க எனக்கு வேலையில்ல" என்றார் மாமா.

மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொல்லாமயா? 'நான் வரட்டுமாம்மா'ன்னு கேட்டேன். 'சரிப்பா'ன்னு சொல்லுச்சு."

சனிக்கிழமை மாலை அவர் அறைக்குப் போனேன். மருத்துவமனைக்குப் பின் சந்தில், ஒற்றைக் கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை. சுவரில் மகள் பட்டம் வாங்கிய போட்டோ. "உங்களை மாதிரிதான் தம்பி. எங்க வீட்லயும் அதுதான் முதல் டிகிரி" என்றார். எனக்குத் தண்ணீர் கொடுக்க இரண்டாவது டம்ளரைத் தேடி எடுத்து, ஊதி, சட்டை நுனியில் துடைத்தார். கட்டிலின் மேல் புதுப் பை, ஜிப் மூடித் தயாராக இருந்தது.

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. ஒரு காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப... நான் வரட்டுமாம்மா?"

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்குங்க. வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். "பாத்தீங்களா? மறுபடியும் சரின்னுடுச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் பேசி முடித்து எழுந்திருக்கிற எவரும் சொல்வது அதுதானே. வரட்டுமா? போகிறவர் கேட்பது அது. வருகிறவர் கேட்பதல்ல.

"மாமா, பொண்ணு கூட இருந்தப்ப, நீங்க டியூட்டிக்குக் கிளம்பும்போது வீட்ல என்ன சொல்லிட்டுக் கிளம்புவீங்க?"

"அதேதான். அவங்கம்மா போனப்புறம் வீட்ல நாங்க ரெண்டு பேர்தானே. வாசல்ல நின்னு 'வரட்டுமாம்மா'ம்பேன். உள்ள இருந்து 'சரிப்பா'ங்கும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து மறுபடி மூடினார்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு தம்பி. நேரா கேட்டா நேரா பதில் வந்துடும்ல? அதான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். படித்தவன் அல்லவா, எல்லாவற்றையும் தெளிவாகத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும் எனக்கு. "நேராவே கேட்டுடுங்க மாமா" என்றேன்.

அவர் எண்ணை அழுத்தினார். "நாளைக்கு உன் வீட்டுக்கு வரலாம்னு இருக்கேம்மா. தம்பி ஒருத்தர் கார்ல கூட்டிட்டு வர்றார்."

போனில் யாரோ சிரிப்பதும் பாத்திரம் வைப்பதும் கேட்டது. அவள் குரல் தணிந்தது. "நாளைக்கா? அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வந்திருக்காங்கப்பா. உக்காரக்கூட இடமில்ல. அப்புறம் ஒரு நாள் பாக்கலாமே."

"பாக்கலாம்மா. சும்மாதான் கேட்டேன்."

போனைக் கட்டிலில் வைத்தார். நான் எழுந்தேன். "காலைல எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றார்.

"போகணுமா மாமா?"

"கடல்கிட்ட கேட்டுக்கிட்டா போகணும்?"

வழி நெடுக அவர் அதிகம் பேசவில்லை. தடுப்புகளையும் பாலங்களையும் மாடி எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். திட்டத்தில் இருந்த டீக்கடை பூட்டிக் கிடந்தது. நகரத்துக்குள் நுழைந்ததும் ஒரு கைகாட்டியைச் சுட்டி, "இந்தப் பக்கம்தான் பொண்ணு வீடு. விலாசத்துல இதே பேருதான்" என்றார். நான் வண்டியை மெதுவாக்கினேன். "நேரா போங்க தம்பி" என்றார்.

கடல் முன்னால் இருவரும் வாயைப் பிளந்து நின்றோம். "வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கு. ஒருத்தரையும் ஏத்திக்கல" என்றார் மாமா. என் பேன்ட் முழங்கால் வரை நனைந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது, மடித்துவிட்டிருக்கலாமே என்று.

மணலில் உட்கார்ந்திருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கப்பா."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"என்னப்பா ஒரே இரைச்சல்?"

மாமா அலையைப் பார்த்தார். "லிஃப்ட் மோட்டார்மா. பழசாயிடுச்சுல்ல."

கடல் இரைச்சலோடு தினமும் வாழ்கிறவள் அவள். "ஞாயித்துக்கிழமையும் டியூட்டியாப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சரிப்பா... வர்றேன்."

இணைப்பு போய்விட்டது. மாமா என் பக்கம் திரும்பினார். "எப்பவும் 'வைக்கிறேன்'னுதான் சொல்லும். இன்னிக்கு 'வர்றேன்'னுச்சு தம்பி."

எங்கே இருக்கிறோம் என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதை இந்த முறை நான் தெளிவாக்கப் போகவில்லை.

மாமா எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், ரோட்டைப் பார்த்து. ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் கழுத்து நிமிர்ந்தது. பலூன்காரர் போனார், நாயோடு ஒருவர் போனார், வெயில் சரிந்தது. அலை அவர் முதுகுக்குப் பின்னால் அதுபாட்டுக்கு வந்துபோனது.

"கிளம்பலாம் தம்பி. நாளைக்கு டியூட்டி" என்றார் கடைசியில்.

மறுநாள் லிஃப்டில் நர்ஸ் அக்கா பிடித்துக்கொண்டார். "என்ன மாமா, கடல் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"வர்றேன்னு சொல்லுச்சு" என்றார் மாமா.

"அட! எப்பவாம்?"

மூன்றாம் மாடி வந்துவிட்டது. மாமா கதவைத் திறந்துவிட்டார்.