டாக்டர் பார்க்கும் நாளில் நடுங்கும் கை

"கையை நீட்டுங்க சார்" என்றார் டாக்டர்.

நீட்டினேன். நடுங்கியது.

என் கண்களைப் பார்த்தார். சிவந்திருந்தன. மேஜைக்கு மேலே கொஞ்சம் குனிந்தார். அவர் மூக்கு லேசாக விரிந்ததைக் கவனித்தேன்.

"எவ்வளவு நாளா சார்?"

வாழ்நாளில் மதுவைத் தொடாதவன் நான். கல்யாண வீட்டு ரோஸ் மில்க்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அப்படிப்பட்டவன் போன மாதம் பெரம்பலூர் மருத்துவமனை ஒன்றில் குடிகாரன் என்று ஏறக்குறைய முடிவு செய்யப்பட்டேன். அதே நேரம் மாடியில், தினமும் குடிக்கும் ஒரு மனிதர், 'எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்' என்ற நற்பெயரோடு மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்.

இது எப்படி நடந்தது? எனக்கே இன்னும் குழப்பம்தான். எழுதினால் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

மாடியில் இருந்தவர் என் சம்பந்தி கலியமூர்த்தி. என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

உறவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன். எந்தக் கவுன்டருக்கு எந்த ஜெராக்ஸ், எந்தக் கையெழுத்துக்கு முன்னால் எந்தக் கையெழுத்து என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சம்பந்தியின் காப்பீட்டு அட்டையில் ஒரு சிக்கல். அதைச் சரிசெய்ய அன்று காலை அரியலூர் வரை டூவீலரில் போய் வந்தேன், வழி நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னாலேயே. கண் சிவந்தது அந்தப் புழுதியால். கை நடுக்கமோ என் அப்பா விட்டுப்போன சொத்து. அவருக்கும் அப்படித்தான் இருந்தது. வாசனை... அதற்குப் பிறகு வருகிறேன்.

கதை அதற்கும் ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. வயிற்றைக் காட்ட வந்த சம்பந்தியின் கை நடுங்குவதை, பின்னால் என்னைக் கை நீட்டச் சொன்ன அதே சர்ஜன்தான் கவனித்தார். இளைஞர், கெட்டிக்காரர். கவனித்ததுமே கேட்கவும் கேட்டார்.

"பழக்கம் எதுவும் உண்டா? பீடி, சிகரெட், குடி...?"

கேட்கும்போது அவர் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. அறையில் நாங்கள் மூன்று பேர். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு சம்பந்தி. பக்கத்தில் அவர் மனைவி தனலட்சுமி. பின்னால் ஃபைலோடு நான்.

சம்பந்தி கூரையைப் பார்த்தார்.

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க!" என்றார் தனலட்சுமி.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியுமா? தெரியும். கல்யாணத்துக்கு முன்பே தெரியும். சாயங்காலமானால் சம்பந்தி முந்திரிக்காட்டுப் பக்கம் போய்விட்டு வருவார் என்பது ஜெயங்கொண்டத்தில் பஸ் டைம் மாதிரி எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்காரரைப் பற்றி, அவர் மனைவியை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தகப்பன் என்ன சொல்வது? 'ஆமாம் டாக்டர், குடிப்பார்' என்றா? அப்புறம் இரு குடும்பமும் எந்த விசேஷத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது?

நான் ஃபேனைப் பார்த்தேன்.

'இல்லை' என்று டாக்டரின் விரல் தட்டிவிட்டது. நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் இப்படிக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன்தான். வருமானச் சான்றுக்கு விசாரணை போவேன். "வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால், சான்றிதழுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவைச் சொல்வார்கள். எழுதிக்கொண்டு வருவேன். கேள்வி கேட்கப்பட்டது, பதில் பெறப்பட்டது, கோப்பு நகர்ந்தது. இதில் யார் பொய் சொன்னது? சொன்னவரா, இப்படி ஒரு பதிலைத் தவிர வேறெதுவும் வரமுடியாதபடி கேட்டவரா? அன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

போன மாதம் சம்பந்தியை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு, கேன்டீனில் தனலட்சுமியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த டாக்டரு கைராசிக்காரருண்ணே. அவரு குடுத்த மாத்திரை என்னமா கேக்குது தெரியுங்களா? இங்கேருந்து ஊருக்குப் போன அன்னைக்கே நடுக்கம் நின்னு போச்சு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கு சாயங்காலமே!"

"மாத்திரை போட்டது எப்ப தங்கச்சி?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம்."

எனக்கு இட்லி மாவு போலப் புளித்துப் பொங்கியது சந்தேகம். சாயங்காலமே நின்ற நடுக்கத்துக்கு ராத்திரி போட்ட மாத்திரை எப்படி மருந்தாகும்?

"சம்பந்தி அன்னைக்கு சாயங்காலம் எங்க போயிருந்தார்?"

தனலட்சுமி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரியாததாண்ணே... முந்திரிக்காட்டுக்குத்தான். டாக்டரப் பாக்க வர்றதுன்னா முதநாளே நிறுத்திடுவாங்க. கோயிலுக்குப் போற மாதிரி. தொடவே மாட்டாங்க. திரும்பிப் போனாத்தான்..." என்றார்.

அப்போதுதான் விளங்கியது. டாக்டர் பார்த்ததெல்லாம் குடிக்காத கலியமூர்த்தியை. குடிக்காததால்தான் கை நடுங்குகிறது. ஊருக்குப் போய் ஊற்றிக்கொண்டதும் நடுக்கம் நிற்கிறது. பெயர் மாத்திரைக்குப் போகிறது! மரியாதைக்காக நிறுத்தியவர், அந்த மரியாதையாலேயே டாக்டரின் கண்ணிலிருந்து தப்பிக்கொண்டிருக்கிறார்.

சிரிப்பதா என்று யோசிப்பதற்குள் தனலட்சுமி அடுத்ததைச் சொன்னார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"போன வருஷம் கால் ஒடிஞ்சு அரியலூர்ல படுத்திருந்தாங்கல்ல... ரெண்டு மூணு நாள்ல புத்தியே மாறிப்போச்சுண்ணே. செவுத்துல எறும்பு ஊருதுங்குறாங்க. காட்டுல தீ புடிச்சுடுச்சுன்னு ஊசியப் புடுங்கிப் போட்டுட்டு எழுந்து ஓடுறாங்க. வயசாயிடுச்சு, புது எடம், அதான்னு சொன்னாங்க. நாங்க மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். வூட்டுக்கு வந்ததும் சரியாப் போச்சு."

வீட்டுக்கு வந்ததும்! அதாவது முந்திரிக்காட்டுக்குப் போனதும்.

நாளை காலை இந்த மனிதரின் வயிற்றைக் கிழித்துத் தைக்கப் போகிறார்கள். தையல் போட்ட வயிற்றோடு 'தீ, தீ' என்று எழுந்து ஓடினால்? அரியலூரில் தப்பித்தார். இங்கேயும் தப்பிப்பார் என்று யார் சொன்னது?

"டாக்டர்கிட்ட சொல்லிடுவோம் தங்கச்சி."

"வேணாம்ணே!" கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க தங்கச்சியா நெனச்சுக் கேக்குறேன். அவங்க பேரச் சொல்லிடாதீங்க. மருமவனுக்குத் தெரிஞ்சா எம்பொண்ணுக்கு அந்த வூட்ல என்ன மரியாதை?"

அந்த மருமகன் என் மகன். அந்த வீடு என் வீடு. இந்தச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவனே அவன்தான். இதையெல்லாம் அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பேரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுந்தேன். வழக்கப்படி பையிலிருந்த அரிஷ்டத்தில் ஒரு மூடி குடித்தேன். நாட்டு மருந்துதான், புளித்த வாடை அடிக்கும்; சாப்பாட்டுக்குப் பின் செரிமானத்துக்காகப் பல வருடப் பழக்கம். நேரே டாக்டர் அறைக்குப் போனேன். உள்ளே ஓரத்து மேஜையில் மயக்க மருந்து டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எனக்கு வேண்டிய ஒருத்தர்... பேர் வேண்டாமே... தினம் குடிப்பார். டாக்டர்கிட்ட மட்டும் சொல்லமாட்டார். ரெண்டு நாள் நிறுத்தினா கை நடுங்கும், புத்தி தடுமாறும். அப்படிப்பட்டவருக்கு என்ன செய்யணும்?"

டாக்டர் என்னைப் பரிவோடு பார்த்தார். "கையை நீட்டுங்க சார்" என்றார்.

மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

"படிச்சவங்க எல்லாருமே இப்படித்தான் சார் வருவாங்க. 'வேண்டிய ஒருத்தர்'னு ஆரம்பிப்பாங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல. இது வியாதிதான். வரும்போதுகூட லேசா எடுத்துட்டு வந்தீங்களோ?"

"அது அரிஷ்டம் டாக்டர்!"

"அரிஷ்டம்னுதான் சார் சொல்வாங்க."

வாக்கு காற்றில் போயிற்று. "நான் இல்லை டாக்டர்! கலியமூர்த்தி! நாளைக்கு நீங்க ஆபரேஷன் பண்ணப்போற கலியமூர்த்தி!"

டாக்டர் சிரித்தார். "யாரு, நெத்தி நிறைய விபூதி வெச்சுக்கிட்டு வருவாரே, அந்தப் பெரியவரா? பாவம் சார் அவரு. அவர் மேல போடாதீங்க."

ஆக, உண்மையை மறைத்தபோது நம்பினார். சொன்னபோது நம்பவில்லை. எந்த அலுவலகத்தில் மேல்முறையீடு செய்வது? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரியலூரில் நடந்ததைச் சொன்னேன் — எறும்பு, தீ, பிடுங்கிப்போட்ட ஊசி. டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஓரத்து மேஜையில் பேனா மூடும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா எழுந்தார். "நாளைக்கு மயக்கம் குடுக்கப்போறவ நான். வாங்க, பார்த்துடுவோம்" என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேரையும்."

மாடியில் சம்பந்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. டாக்டரம்மா தனலட்சுமியைக் காபி வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சம்பந்தியின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான் வாசலில் நின்றேன்.

'குடிப்பீங்களா' என்று அவர் கேட்கவில்லை.

"கடைசியா எப்பங்க அய்யா?" என்றார், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பது போல.

"முந்தாநேத்து சாயங்காலம்ங்க" என்றார் சம்பந்தி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை!

"ஏன் நிறுத்தினீங்க?"

"உங்க முன்னாடி எல்லாம் வாடையோட வந்து நிக்கலாமுங்களா? ஒடம்புல கைய வெக்குறவங்க... ஒரு மரியாதை வேணாமா?"

"போன மாசம் டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"எங்கிட்ட எங்கங்க கேட்டாரு? இவள வெச்சுக்கிட்டு, சம்பந்தியையும் வெச்சுக்கிட்டுல்ல கேட்டாரு." வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் இத்தனை நாளா..."

"எனக்கு எதுவும் காதுல விழல சம்பந்தி" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. முதலில், குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வரும் கோளாறுக்கு வைத்தியம். கட்டில் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சம்பந்திக்கு வியர்த்தது. தூக்கமில்லை. ஒருமுறை சுவரையே ரொம்ப நேரம் வெறித்துப் பார்த்தார். "என்ன தெரியுது?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "சுண்ணாம்பு அடிச்சது சரியில்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. முந்திரிக்காட்டில் தீ பிடிக்கவில்லை. அதன் பிறகு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

அந்த இளம் சர்ஜன், வீட்டுக்கு அனுப்பும்போது என்னிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். நல்ல பிள்ளை. கைகுலுக்கினார். என் கை நடுங்கியதும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. "எதுக்கும் நீங்களும் ஒருதடவை டாக்டரம்மாகிட்ட பேசிடுங்க சார்" என்றார். இன்னும் முழுசாக நம்பவில்லை!

நேற்று சாயங்காலம் தனலட்சுமி போன் செய்தார்.

"நடுக்கமே இல்லண்ணே!"

சந்தோஷப்படுவதா, பதறுவதா? இந்த மனிதர் விஷயத்தில் நடுக்கம் இருந்தால் நல்லதா, இல்லாவிட்டால் நல்லதா? எனக்குத் தலை சுற்றியது.

"சம்பந்தி எங்க தங்கச்சி?"

"முந்திரிக்காட்டுக்கு வந்திருக்காங்க."

போச்சு, என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது — 'போயிருக்காங்க' என்று சொல்லவில்லை.

"நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"நானும் இங்கதாண்ணே இருக்கேன். தெனமும் கூடவே வந்துடுறேன். பிளாஸ்க்குல டீ கொண்டாந்துடுவேன். திட்டிக்கிட்டேதான் குடிக்கிறாங்க." பின்னால் சம்பந்தியின் குரல் கேட்டது: "சக்கரையே போடலன்னு சொல்லு அவர்கிட்ட!"

எத்தனை நாளைக்கு இந்த டீ தாங்கும்? தெரியாது. அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவர் கை எப்படி இருக்கும்? அதுவும் தெரியாது. நான் கூடப் போகிறேன். ஆனால் உள்ளே போகமாட்டேன். தனலட்சுமியையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக்கொள்வேன்.

பின்குறிப்பு: எதற்கு வம்பு என்று அரிஷ்டத்தை நிறுத்திவிட்டேன். கை நடுங்கத்தான் செய்கிறது — நிறுத்தியதால்தான் என்பார் அந்த டாக்டர்.